தோமானின் பருவங்கள்

மீன் பிடித்தல் பொறுமையின் கலை என்பர். அது பாதி உண்மையே. பொறுமை மட்டும் உடையவன் காலை முதல் மாலை வரை கரையில் அமர்ந்திருந்து வெறுங்கூடையோடு வீடு திரும்புவான். பொறுமையோடு காலமும் அறிந்தவனே பயன் பெறுவான். காலமறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கை உவமையாக்கியது இதனால்தான். கொக்கு வாடி நிற்பது சோம்பலால் அன்று. தனக்கு வேண்டிய பொழுது இன்னும் வரவில்லை என்பதனால்.

பேராக் ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தக் குறளை மாணவர்க்கு விளக்கும்பொழுதெல்லாம் கரும்பலகையில் ஒரு கொக்கை வரைவார். அதன் அருகே ஒரு மீனையும் வரைவார். மீனின் வாய் அகன்றும் தலை பாம்பின் தலையைப் போன்று தட்டையாயும் இருக்கும். "இது என்ன மீன்?" என்று கேட்பார். தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் விடை கூறுவர்: "தோமான், ஐயா!"

தோமானை அறியாத பிள்ளை அந்நாளில் அந்தத் தோட்டத்தில் இல்லை. தமிழர் விரால் என்றும், இலக்கியம் வரால் என்றும் வழங்கும் மீனின் இனத்தைச் சேர்ந்தது அது. மலாய்க்காரர் அருவான் என்று அழைக்கும் மீனே தமிழகத்து வயல்களிலும் குளங்களிலும் வாழும் விரால். பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்க்கும் புண் ஆற அதனைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் மலேசியாவில் எல்லா இனத்தாரிடமும் உண்டு. தோமான் அந்த விராலின் பெரிய உறவு. ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். எடையில் 20 கிலோகிராம் வரை வளரும். மேலே கருநீலம், அடியில் வெண்மை, வாய் நிறையக் கூரிய பற்கள். ஆற்றிலும் ஏரியிலும் அதனை எதிர்த்து நிற்கும் மீன்கள் மிகச் சிலவே.

ரப்பர்ப் பால் மரம் வெட்டுவோர்க்கு வேலை நண்பகலுக்குள் முடிந்துவிடும். மாலைப் பொழுது தூண்டிலுக்குரியது. ஆசிரியரின் தந்தையாரும் பால் வெட்டியவரே. மூங்கிற்கோலும் நைலான் நரம்பும் உயிர்த் தவளையும் கொண்டு செண்டெரோ ஏரிக் கரையில் அமர்வார். பேராக் ஆற்றின் குறுக்கே 1930இல் எழுப்பப்பட்ட அணையினால் உண்டான ஏரி அது. எழுதப் படிக்கத் தெரியாத தந்தையார் நீரைப் படித்தார். மகன் அதனைக் குறிப்பேட்டில் எழுதினார். தேதி, நீரின் மட்டம், நீரின் நிறம், காற்று, இடம், இரை, கிடைத்த மீன் என ஏழு கட்டங்கள். ஆசிரியப் பணிக்கு வந்த ஆண்டில் தொடங்கிய அக்குறிப்புகள் நாளடைவில் ஒன்பது ஏடுகளாயின.

அவ்வேடுகளில் கண்ட செய்தியை ஆசிரியர் ஒரே தொடரில் சுருக்கிச் சொல்வார்: "மீன் இரையைத் தொடர்கிறது, இரை நீரைத் தொடர்கிறது, நீர் மழையைத் தொடர்கிறது. ஆகவே, மீனைத் தேடாதே, மழையைத் தேடு."

இந்நாட்டில் வேனில், கூதிர், பனி என்னும் பிரிவுகள் இல்லை. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே என்று பலர் எண்ணுவர். நீரை நோக்கி வாழ்பவர் அவ்வாறு எண்ணமாட்டார். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் நடுவே, ஏப்ரலிலும் அக்டோபரிலும், காற்று திசை மாறும் இடைக்காலம். வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையில் வெள்ளத்தைக் கொட்டும். மேற்குக் கரையிலோ இடைக்காலங்களில்தான் பிற்பகல் இடியும் மழையும் மிகுதி. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், கென்யிர் ஏரியில் ஒரு பருவமும் செண்டெரோ ஏரியில் வேறொரு பருவமும் நடக்கும். இதனை அறியாது நண்பர் சொன்ன மாதத்தை நம்பிப் படகேறுவோர் ஏமாறுவர்.

ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்பத்தின் வடமேற்கே வறட்சி தலைகாட்டும். ஓடைகள் மெலியும், ஏரியின் ஓரங்கள் வற்றும், நீர் தெளியும். தெளிந்த நீரில் மீன் மனிதனைக் கண்டுகொள்கிறது. ஆதலால் அப்பருவத்தில் தொலைவிலிருந்தே தூண்டிலை எறிய வேண்டும். நிழல் நீரில் விழலாகாது. படகின் அடித்தட்டில் காலைத் தட்டலாகாது. விடியற்பொழுதும் அந்திப்பொழுதுமே ஏற்றவை. நண்பகலில் தோமான் மூழ்கிய மரங்களின் நிழலிலும் ஆழ்ந்த பள்ளங்களிலும் ஒடுங்கிக் கிடக்கும்.

ஆயினும் எங்கே ஒடுங்கினாலும் அது தன்னை முழுதும் மறைத்துக்கொள்ள இயலாது. விராலினம் காற்றை உண்டு வாழ்வது. செவுள் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றை விழுங்கியே தீர வேண்டும். அமைதியான நீரில் திடீரென ஒரு சுழிப்பு, ஒரு மெல்லிய ஒலி, பின்னர் வட்டமாய் விரியும் அலை. அதனைக் கண்டவுடன் பழகாதவர் அலையின் நடுவே இரையை எறிவர். மீன் அதற்குள் நகர்ந்திருக்கும். எத்திசை நோக்கி அது திரும்பியது என்பதைப் பார்த்து, சில முழம் முன்னே எறிபவர்க்கே அது கிட்டும்.

காற்று திசை மாறும் ஏப்ரலில் மேற்குக் கரையின் நீர்நிலைகள் புத்துயிர் பெறும். மழைநீர் புற்கரையை மூழ்கடிக்கும், தவளைகள் கத்தும், பூச்சிகள் நீரில் விழும், சிறு மீன்கள் கரையோரப் புல்லுக்குள் புகும். அவற்றைத் தொடர்ந்து தோமானும் கரைக்கு வரும். நீர் இறங்கும் பருவத்தில் ஆழத்தைத் தேட வேண்டும். நீர் ஏறும் பருவத்தில் கரையைத் தேட வேண்டும் என்பது ஏடுகளில் பல இடங்களில் அடிக்கோடிடப்பட்ட செய்தி. ரப்பரால் செய்த தவளையைப் புல்லின்மேல் எறிந்து, அங்கிருந்து நீருக்குள் தானே குதித்ததுபோல் இழுத்தால் தோமான் பாயும். பாய்ந்தவுடன் வெடுக்கென இழுக்கலாகாது. இரை வாய்க்குள் செல்ல ஒரு மூச்சு நேரம் விட வேண்டும். நரம்பின் முனையில் ஒரு சாண் எஃகுக் கம்பி இல்லையாயின் அதன் பற்கள் நரம்பை அறுத்துவிடும்.

ஆண்டின் நடுவே நீர் மீண்டும் இறங்கும். திரங்கானுவில் 1985இல் நிறைவுற்ற கென்யிர் அணையின் பின்னே காடு முழுதும் மூழ்கியது. குன்றுகள் நூற்றுக்கணக்கான தீவுகளாயின. நீர் தாழும் மாதங்களில் அக்காட்டின் மொட்டை மரங்கள் எலும்புகளைப் போல் வெளிப்படும். ஒவ்வொரு மரமும் ஒரு மறைவிடம். அக்காலத்தில் ஓடைகள் ஏரியோடு கலக்கும் முகத்துவாரங்களில் குளிர்ந்த புதுநீரை நாடிச் சிறு மீன்கள் திரளும். செபாராவ் என்னும் வேட்டை மீன் அங்குதான் கூட்டமாய்த் தாக்கும். மினுக்கும் உலோகத் தகட்டை விரைவாக இழுப்பது அதற்கு ஏற்ற முறை. தோமானுக்கு அவ்விரைவு வேண்டியதில்லை.

அக்டோபர் மழையில் ஆறு கலங்கிச் செந்நீராகும். கண்ணால் வேட்டையாடும் மீனுக்குக் கலங்கல் இருட்டு. போலி இரைகள் பயன்படா. அது தாப்பாவின் காலம். பேராக்கில் ஓர் ஊருக்குப் பெயராகவும் விளங்கும் இப்பெருங்கெளுத்தி, நீர் ஏறும் இரவுகளில் மடுவை விட்டு வெளிவரும். மீசையாலும் மோப்பத்தாலும் தேடும் அதற்குச் சிறு மீனையே இரையாக இடுவர். கிழக்குக் கரையில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஏரிக்குச் செல்லாதிருப்பதே அறிவுரை. வெள்ளத்தில் மிதந்துவரும் மரக்கட்டைகள் படகைப் பிளக்கும். ஓடைகள் ஒரு நாழிகைக்குள் பெருகும். "மீன் அடுத்த ஆண்டும் இருக்கும், நாம் இருக்க வேண்டுமல்லவா?" என்பார் ஆசிரியர்.

எட்டு ஏடுகளில் அடங்கிய செய்திகளின் சாரம் இவ்வளவே. ஒன்பதாம் ஏட்டை அவர் எவருக்கும் காட்டியதில்லை.

ஆசிரியரிடம் தமிழ் பயின்ற மாணவர்களுள் ஒருவர் இப்பொழுது பொறியாளர். வார இறுதியில் தெமெங்கோர் ஏரிக்குப் படகோடு செல்பவர். நீரின் ஆழத்தையும் மீனின் நிழலையும் திரையில் காட்டும் கருவி அவரிடம் உண்டு. ஆனால் எந்தக் கருவியும் காட்டாத ஒன்றை அறிய அவர் ஒருநாள் ஆசிரியரின் வீட்டிற்கு வந்தார்.

"ஐயா, தோமான் குஞ்சுக் கூட்டம் மிகுதியாய்க் காணப்படும் மாதங்கள் எவை? எந்த ஓடைகளில்?"

"எதற்குத் தம்பி?"

"குஞ்சுகளோடு இருக்கும்போது பெரிய மீன் எதை எறிந்தாலும் பாய்கிறது, ஐயா. பசி இல்லாவிட்டாலும் பாய்கிறது."

"பசி இல்லாவிட்டாலும் ஏன் பாய்கிறது?" என்று கேட்டார் ஆசிரியர்.

மாணவர் விடை கூறவில்லை. இருவரும் விடையை அறிவர்.

தோமானின் ஆணும் பெண்ணும் கரையோரப் பாசியையும் செடியையும் வட்டமாய் விலக்கிக் கூடு அமைக்கும். முட்டைகள் நீரின்மேல் மிதக்கும். சில நாள்களில் குஞ்சுகள் வெளிவந்து, வளர வளரச் செம்மஞ்சள் நிறமும் பக்கத்திற்கு இரண்டு கருங்கோடுகளும் பெறும். அவை நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாய்த் திரண்டு நகரும். அவையும் காற்றை உண்ண மேலே வந்தாக வேண்டும். ஆதலால் அமைதியான நீரில் தூறல் விழுவதைப் போன்று ஓரிடம் மட்டும் சிலிர்த்துக்கொண்டேயிருக்கும். அச்சிலிர்ப்பின் கீழே, இருளில், தாயும் தந்தையும் காவல் நிற்கும். நெருங்கும் மீனை விரட்டும். நீந்தி வந்த மனிதனைக் கடித்ததாகவும் சொல்வர். குஞ்சுப் பந்தின்மேல் ரப்பர்த் தவளையை எறிந்து இழுத்தால் பெற்றோர் அதனை உண்ணப் பாய்வதில்லை, விரட்டவே பாய்கின்றன. ஆண்டு முழுதும் அங்கங்கே குஞ்சுகளைக் காணலாம் எனினும், மழை பெய்து நீர் ஏறும் காலத்தில் அவை மிகுதி என்பது ஆசிரியரின் குறிப்பு.

"நான் பிடித்தவுடன் திரும்ப விட்டுவிடுவேன், ஐயா. படம் மட்டுந்தான் எடுப்பேன்."

"நல்ல பழக்கம். ஈரக்கையால் பிடி, வயிற்றைத் தாங்கிப் பிடி, தாடையில் தொங்கவிடாதே. வேறு காலத்தில் அது போதும். குஞ்சுகள் உள்ளபோது நீ அதனோடு போராடும் நேரத்தில் அவற்றுக்குக் காவல் யார்? களைத்துத் திரும்பும் மீன் எதனை விரட்டும்?"

"நான் விட்டால் அடுத்த படகில் வருபவர் விடுவாரா, ஐயா?"

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து சென்று ஒன்பதாம் ஏட்டைக் கொணர்ந்து, 1987ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து மாணவரின் கையில் கொடுத்தார்.

அப்பக்கத்தில் ஏழு கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. ஏப்ரல் மாதம், நீர் ஏறுமுகம், நிறம் இளம்பழுப்பு, காற்று இல்லை, இரை தவளை. மீன் என்ற கட்டத்தில் "தோமான் 2" என்று எழுதியிருந்தது. அதன் கீழே, கட்டங்களுக்கு வெளியே, அதே நாளின் குறிப்பு தொடர்ந்தது. முதல் மீன் ஏழு மணிக்கு. இரண்டாவது அரைமணி கழித்து, அதே இடத்தில். எட்டு மணிக்குச் சிலிர்ப்பு ஓடையின் நடுவே வந்தது. ஒன்பது மணிக்குள் செபாராவ் கீழிருந்து தாக்கத் தொடங்கியது. பதினொரு மணிக்குப் பந்து மூன்றாய்ப் பிரிந்தது. மூன்று மணிக்கு நீர் அசையவில்லை.

"அன்று நானும் அடுத்த படகைத்தான் நினைத்தேன்" என்றார் ஆசிரியர். "யாராவது பிடிக்கத்தான் போகிறார்கள், நாமே பிடிப்போம் என்று நினைத்தேன். மாலை வரை அந்த இடத்தை விட்டு என்னால் வர முடியவில்லை. வேறு படகு எதுவும் வரவில்லை, தம்பி. அன்று முழுதும் ஒன்றும் வரவில்லை."

மாணவர் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆசிரியர் வகுப்பில் அடிக்கடி சொல்லும் மரபுச் செய்தி ஒன்று உண்டு. பறவை தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் தம் குஞ்சுகளைப் பொரிக்கும் என்பது அது. சைவ நூலார் ஆசிரியன் மாணவனுக்கு அருளும் தீக்கை வகைகளை இவ்வுவமையால் விளக்குவர். மதுரையில் வீற்றிருக்கும் அம்மைக்கு மீனாட்சி என்னும் பெயர் வந்ததற்கும் இதனையே காரணமாகக் கூறுவர். மீன் கண்ணால் தன் குஞ்சுகளைக் காப்பதுபோல் அவள் உலகைக் காக்கின்றாள் என்பர். பார்வையால் முட்டை பொரியும் என்பதை அறிவியல் ஏற்காது. ஆசிரியரும் இருபது ஆண்டுகள் அதனைப் புலவர் கற்பனை என்றே கற்பித்து வந்தார். குஞ்சுகளின் கீழே கண் இமையாது நின்ற அந்த இரண்டு மீன்களையும் தம் கையாலேயே கரையேற்றிய நாளில்தான் அதனைச் சொன்னவர் நீரை உற்றுநோக்கிய பின்னரே சொல்லியிருத்தல் வேண்டும் என்று உணர்ந்தார்.

"அப்படியானால் அந்த மாதங்களை எனக்குச் சொல்லமாட்டீர்களா, ஐயா?" என்று மாணவர் மெல்லக் கேட்டார்.

இக்கேள்வி எளிதன்று. அறிந்ததை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அறிந்ததைக் கொடுத்து அது அழிவுக்குப் பயன்படுமாயின் அதுவும் அழகன்று. நஞ்சிட்டும் மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. காட்டில் தூபா வேரை நசுக்கி ஆற்றில் கலக்கும் பழக்கமும் குற்றமே. குஞ்சைக் காத்து நிற்கும் மீனை ஒற்றைத் தூண்டிலால் பிடிப்பவன் அவ்வாறு நஞ்சிட்டவன் அல்லன். ஆனால் ஒரு கூட்டம் முழுதும் அழிவதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஓடைக்குத் தெரியாது.

தோமானும் குற்றமற்ற மீன் என்று கூறுவதற்கில்லை. தனக்குரியதல்லாத நீரில் அது புகுந்தால் பிற உயிர்களைத் தின்று தீர்க்கும் என்னும் அச்சத்தால், அமெரிக்கா 2002இல் விராலினம் முழுவதையுமே தீங்கு செய்யும் விலங்குகளின் பட்டியலில் சேர்த்து இறக்குமதியைத் தடுத்தது. எனினும் தன் சொந்த ஆற்றில் அது தலைமைக் காவலன். சிறு மீன்களின் பெருக்கத்தை அது அடக்குகிறது. அது குறைந்தால் நீரின் கணக்கே மாறும்.

ஆசிரியர் ஒன்பது ஏடுகளையும் ஒரு துணிப்பையில் இட்டு மாணவரிடம் கொடுத்தார்.

"மாதமும் இடமும் எல்லாம் இதில் உள்ளன. எறிவதற்கு எந்த நாள் நல்லது என்று அறியவே இதனை எழுதத் தொடங்கினேன். எறியாதிருக்க எந்த நாள் நல்லது என்றும் இதில்தான் அறிந்துகொண்டேன். இரண்டுக்கும் மாதம் ஒன்றுதான். எதற்குப் பயன்படுத்துவது என்பதை நீயே முடிவு செய். ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் கூட்டத்தைக் காணும் நாளில் தூண்டிலைக் கட்டி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிரு."

அடுத்த மழையில் மாணவர் தெமெங்கோருக்குச் சென்றார். படகை ஓடை முகத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். புற்கரைக்கு முன்னே நீர் சிலிர்த்தது. செம்மஞ்சள் பந்து ஒன்று மேலெழுந்து காற்றை உண்டு அமிழ்ந்தது. அதன் கீழே நீண்ட கருநிழல் ஒன்று திரும்பியது; சற்றுத் தொலைவில் மற்றொன்று. கையெட்டும் தொலைவு. ஒரே எறிதலில் கிடைத்திருக்கும். அவர் வாழ்நாளில் கண்ட தோமான்களுள் அவையே பெரியவை.

அன்று மாலை வீடு திரும்பிய அவர், ஒன்பதாம் ஏட்டில் எஞ்சியிருந்த வெற்றுப் பக்கத்தில் ஏழு கட்டங்களை வரைந்தார். தேதி, மட்டம், நிறம், காற்று, இடம் ஆகிய ஐந்தையும் நிரப்பினார். இரை என்ற கட்டத்தில் "எறியவில்லை" என்று எழுதினார். மீன் என்ற கட்டத்தில் சற்று நேரம் எழுதுகோலை நிறுத்தி வைத்திருந்து, "தோமான் 2" என்றும் அதன் அருகே "குஞ்சுகள் எண்ண இயலவில்லை" என்றும் எழுதினார்.

மறுவாரம் அந்தப் பக்கத்தை ஆசிரியரிடம் காட்டினார். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாணவரின் கட்டுரை ஏட்டைத் திருத்துவது போலவே வரிவரியாகப் படித்தார். பிழை எதுவும் இல்லை. இடம் என்ற கட்டத்தை மட்டும் சுட்டிக்காட்டி, "இதைப் பிறர் கண்ணில் படாமல் வைத்திரு" என்றார்.